பழகின சட்டி

ராஜா நினைத்ததுதான் சட்டம் என்றிருந்த முன்னொரு காலத்தில், செங்காட்டு நாட்டைக் கோடிவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். யானை பழக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மதம் பிடித்த கொம்பன்கூடப் பத்தே நாளில் அவன் முன்னால் மண்டி போட்டுவிடும். ஆனால் மனுஷர்களிடம் அவனுக்குக் கடுகளவு பொறுமை கிடையாது. காலையில் கேட்டது மத்தியானத்துக்குள் வராவிட்டால் தாம்தூம் என்று குதிப்பான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் முத்துவடிவு. எட்டு நாள் பயணத் தூரத்திலிருக்கும் கடற்கரை நாட்டுக்காரி. வந்து மூன்று மாதம் ஆகியும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண் விழித்ததும் காது தானாக அலைச் சத்தத்தைத் தேடும். கேட்பதென்னவோ யானைக் கொட்டடிச் சங்கிலிச் சத்தம்தான். ராஜாவைப் பிடிக்காமல் இல்லை, ரொம்பவே பிடித்திருந்தது. ஒரு நாழிகை பக்கத்தில் உட்கார்ந்து பேச மாட்டானா என்றுதான் ஏங்கினாள். அவனோ வாசலில் நின்றபடியே, "சாப்பிட்டாயா? ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

ஒருநாள் சபையில் வைத்தே கேட்டான். "உனக்கென்று புது அடுக்களை கட்டியாயிற்று. உன் கையாலேயே சமைத்துச் சாப்பிடு. என்ன பாத்திரம் வேண்டும், சொல்."

முத்துவடிவு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பழகின சட்டி ஒன்று போதும்."

அரண்மனைச் சாமான்கள் வைக்கிற உக்கிராணத்துக்குத் தலைவர் விசுவராயர். இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அமைச்சர் நல்லகுற்றாலம் என்பதாலேயே ராயருக்கு ராணியைக் கண்டால் ஆகாது. குபீரென்று எழுந்தார்.

"கேட்டீர்களா மகாராஜா! பழைய சட்டியாம்! நாலு வீட்டில் புழங்கின கரிச்சட்டி! ஊர் என்ன பேசும்?"

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பழசு என்ற பேச்சே கூடாது! ராயரே, எல்லாம் புத்தம்புதிதாக, பளபளவென்று வந்தாக வேண்டும்!"

மத்தியானத்துக்குள் வந்து இறங்கியது. வெள்ளிக் கரண்டி, தங்க மூடி, பித்தளைத் தவலை, ஆள் இறங்கிக் குளிக்கிற மாதிரி அண்டா! இரண்டு பேருக்குச் சமைக்க ஒரு பாத்திரம் உண்டா என்றால் இல்லை. இருந்ததிலேயே சின்னதான பித்தளை உருளியில், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். ராயர் இருந்த அவசரத்தில் உருளிக்கு ஈயம் பூச மறந்ததை அவள் எங்கே கண்டாள்? புளி பட்டதும் பித்தளையின் பச்சைக் களிம்பு குழம்பில் இறங்கிவிட்டது. அதைச் சபைக்கே வரவழைத்து ராஜா ஒரு வாய் வைத்தான். தூ என்று துப்பினான்.

"இது குழம்பா, களிம்பா?"

"பாத்திரத்தில் குறையில்லை மகாராஜா," என்றார் ராயர். "சமைத்த கை அப்படி."

"என் வீட்டுச் சோறும் பிடிக்கவில்லை, சமைக்கவும் வரவில்லை! பௌர்ணமிக்குப் பல்லக்கு கட்டுங்கள். அப்பன் வீட்டுக்கே போகட்டும், திரும்பி வர வேண்டாம்!"

மூன்று மாதமாகக் கடலுக்கு ஏங்கியவளுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை. கடல் வேண்டும்தான். அதற்காக இவனை விடவா?

அப்போதுதான் அமைச்சர் கனைத்தார். "பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை ஒரு பந்தயம், மகாராஜா. என்னிடம் ஒரு முரடு இருக்கிறது. பத்து நாளில் அதைப் பழக்கிவிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்."

"எத்தனை முழம் கொம்பு?"

அமைச்சர் மேல்துண்டை விலக்கினார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் புது மண்சட்டி! சபை கொல்லென்று சிரித்தது.

"ராணியார் பழைய சட்டி கேட்கவில்லை, பழகின சட்டி கேட்டார். புதுச் சட்டியைப் பழக்கிய பிறகுதான் குழம்பு வைக்க முடியும். இதனிடம் அங்குசம் செல்லாது. வழி ராணியாருக்குத்தான் தெரியும்."

"பூ, இவ்வளவுதானா!" என்று ராஜா அடுக்களைக்குப் போனான். முத்துவடிவு வாய் திறப்பதற்குள் விறகை அடுக்கி ஊது ஊதென்று ஊதினான். படார்! சட்டி இரண்டாகப் பிளந்தது. ராஜா முகமெல்லாம் சாம்பல். முத்துவடிவு வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ராஜாவுக்குக் கோபப்படத் தோன்றவில்லை.

மறுநாள் வேறு சட்டி வந்தது. "அரிசி களைந்த கழுநீரை ஊற்றிச் சின்னத் தீயில் சூடாக்க வேண்டும். பிறகு தானாக ஆற வேண்டும். தினமும் இப்படி," என்றாள்.

"ஆறுகிறவரை நான் என்ன செய்வது?"

"சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்."

உட்கார்ந்தான். சும்மா இருக்கத் தெரியாதவனாயிற்றே, பேச்சுக் கொடுத்தான். தன் அம்மா எப்படிச் சட்டி பழக்குவாள் என்று அவள் சொன்னாள். படகுகளின் பெயர்களைச் சொன்னாள். ஒருநாள் சூடான ஈரமண் வாசனையில் ஊர் ஞாபகம் வந்து பொலபொலவென்று அழுதுவிட்டாள். ராஜா அழாதே என்று அதட்டவில்லை. விறகை மெல்ல வெளியே இழுத்துத் தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான்.

பத்தாம் நாள் அந்தச் சட்டியில் குழம்பு கொதித்தது. ராஜா விரலைச் சப்பிச் சாப்பிட்டான். முத்துவடிவும் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டாள்.

"பழக்கிவிட்டேன்! எடும் மீசையை!" என்று சபையில் முழங்கினான் ராஜா.

"சட்டி நாலைந்து நாளிலேயே பழகிவிட்டதே மகாராஜா," என்றார் அமைச்சர். "மிச்ச நாளெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து பழகியது யார்? அதை மட்டும் சொல்லுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்," என்றான்.

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டு, "மீசை உம்மிடமே இருக்கட்டும்," என்றான். விசுவராயருக்கு ஒரு கூடைப் புளி கிடைத்தது. அத்தனை பித்தளையையும் தம் கையாலேயே தேய்த்துக் களிம்பு எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

"பல்லக்கை அவிழ்த்துவிடட்டுமா?" என்று சேவகர்கள் கேட்டார்கள்.

"வேண்டாம். இன்னொன்றும் கட்டுங்கள். கடலைப் பார்க்க நானும் போகிறேன்."

முத்துவடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. போய்ப் பார்த்துத் திரும்பினாலும் அந்த அலைச் சத்தத்துக்கு மனசு ஏங்கத்தான் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அடுக்களைக்குள் நுழைந்தால், அவளுக்கு முன்னாலேயே ராஜா அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். கையில் கழுநீர்ச் செம்பு.

"சட்டிதான் பழகிவிட்டதே," என்றாள்.

"தெரியும்," என்றான் ராஜா. "நீ உட்கார்."