எங்கே நின்று கூப்பிடுகிறீர்கள்

விசாரணை அதிகாரியின் அறை இன்னும் திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் தனபாலன் மடிக்கணினியின் மேல் குனிந்திருந்தார். எதிரே, தோல் ஆலையின் கழிவுக்குழியில் இறங்கிச் செத்த அருளப்பனின் மனைவி.

குழியில் விஷவாயுவே இல்லை என்கிறது ஆலை. வாயுமானியின் பதிவுகளைக்கூட இன்று காலைதான் கொடுத்தது. ஆளை இறக்கும் முன்பே விஷம் ஏறியிருந்ததா என்று கணக்கிட, தொழிலாளர் சங்கத்துக்காகத் தனபாலன் ஒரு பைத்தான் தொகுப்பு எழுதியிருந்தார். வேகமாக ஓடவேண்டிய பகுதியை சி மொழியில் எழுதி, கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்குக் கம்பைல் செய்திருந்தார். அந்தப் பகுதியைத்தான் காணோம் என்றது பைத்தான்.

மெஹருன்னிசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு மகள் வயது. பைத்தான் கற்றுக்கொடுத்தவள்.

"இன்ஸ்டால் ஆச்சுங்குது டீச்சர். இம்போர்ட்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா இல்லைங்குது. ஆலைக்காரன் மாதிரியே பேசுது."

"எங்க நின்னு கூப்பிடுறீங்க?"

"நான் எழுதின ஃபோல்டர்ல. வேற எங்க நிப்பேன்?"

"வெளிய வாங்க."

"என் தொகுப்பு இங்கதானே இருக்கு?"

"அதனாலதான்."

தனபாலனுக்குச் சுருக்கென்றது. போராட்டங்களில் போலீஸ் சொல்லியும் எந்த வாசலிலிருந்தும் நகராதவர் அவர்.

"மறுபடி கம்பைல் பண்றேன்."

கதவு திறந்தது. "அடுத்தது நீங்கதான்," என்றார் பியூன். அருளப்பனின் மனைவி எழுந்து நின்றாள்.

"வெளிய வந்துட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க, தோழர்," என்றாள் மெஹருன்னிசா.

தனபாலன் தன் ஃபோல்டரை விட்டு ஒரு ஃபோல்டர் மேலே ஏறினார். அதே பெயரைக் கூப்பிட்டார். பிழை வரவில்லை. கணக்கு ஓடியது. அருளப்பன் இறங்கும் முன்பே குழி நிறைய விஷம் இருந்திருக்கிறது.

"ஒரு எழுத்துகூட மாத்தலியே டீச்சர்."

"பைத்தான் நீங்க நிக்கிற இடத்துலதான் முதல்ல தேடும். அந்தப் பேர்ல ஒண்ணு கிடைச்சா அதோட நின்னுடும். உங்க ஃபோல்டர்ல இருக்கிறது நீங்க எழுதினது மட்டும். கம்பைல் ஆனது, இன்ஸ்டால் ஆன இடத்துல இருக்கு."

தனபாலன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்றார்.

"அப்போ இவ்வளவு நேரம் நான் எதைக் கூப்பிட்டேன்?"

"உங்க எழுத்தை."

"இப்போ பதில் சொன்னது?"

"உங்களை விட்டு வெளிய போனது."