ஒரு சொட்டுகூட விடாத குழி

சும்மாம்பாளையத்துக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வழி சொன்னால் நீங்கள் வந்துவிடுவீர்கள், வந்தால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணி கேட்பீர்கள். அதுதான் அங்கே கிடையாது.

அந்த ஊரில் தண்ணி திறந்துவிடும் உத்தியோகம் செம்மலைக்கு. மேல்நிலைத் தொட்டி காய்ந்து மூணு வருஷம் ஆச்சு. ஆனால் உத்தியோகம் உத்தியோகம்தானே? காலையில் ஆறு மணிக்கு டாணென்று போய் வால்வைத் திறப்பான். குழாயில் புஸ்ஸென்று காற்று வரும். பெண்கள் வரிசையில் நின்று அதைக் குடத்தில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, சிந்தாமல் கொண்டுபோவார்கள். "இன்னிக்குச் சித்தெ ஜில்லுன்னு வருதுங்க" என்று பாராட்டும் கிடைக்கும். அரை மணி நேரத்தில் மூடிவிடுவான். காற்றென்றாலும் வீணாக்கலாமா?

பாவம், செம்மலைக்கு முப்பத்தாறு வயசாகியும் கல்யாணம் கூடி வரவில்லை. தண்ணியில்லாத ஊருக்கு எந்த மகராசன் பெண் கொடுப்பான்? பதினோரு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். பன்னிரண்டாவது இடம் கல்லுக்காட்டு நஞ்சப்பன் மகள் மயிலாத்தா. அவளைப் பார்த்த அன்றே செம்மலைக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ பெரியவர்களைப் பேசவே விடாமல் நேராகச் சொல்லிவிட்டாள்.

"மூணு மைல் நடந்து தண்ணி சொமக்க என்னால ஆவாதுங்க. ஆவணி மொதத் தேதி நானே கொடத்தோட வருவேன். உங்க ஊர்க் கெணத்துல உட்டா எங்கொடம் முங்கோணும். முங்குச்சுன்னா கட்டிக்கறேன். முங்கலைன்னா, காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போயிருவோம்."

"காப்பித்தண்ணிக்கும் தண்ணி வேணுமேங்க" என்றான் செம்மலை. உண்மையைச் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் கூட வந்தவர்கள் தொடையைக் கிள்ளினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து நீர்வளத்துறை அதிகாரியம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரைக் கூட்டி வைத்து, பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"பூமியில இருந்து எடுத்துக்கிட்டே இருந்தா எப்படி? திருப்பிக் குடுக்கணும். கிணத்துக்கு நூறடி தள்ளி ஒரு குழி வெட்டுங்க. அடியில பெரிய கல்லு, மேல ஜல்லி, அதுக்கு மேல மணல். மழைத்தண்ணி அதுல இறங்கி, பூமிக்குள்ள ஊறி, உங்க கிணத்துக்கு வரும். ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை நானே வந்து திறந்து வைக்கிறேன். அதுவரைக்கும் குழியைப் பத்திரமா பாத்துக்கங்க."

செம்மலைக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஊரே சேர்ந்து பத்து நாளில் குழியை வெட்டிக் கல்லும் ஜல்லியும் மணலும் நிரப்பிவிட்டது. அந்த மணலை அவனே மூணு தரம் சலித்தான். சுற்றிக் கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, பஞ்சாயத்துத் தலைவர் பொங்கியண்ணன் கையால் சந்தனமும் தெளித்தாச்சு.

புதன்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. நாலு வருஷமாக வராத மழை, பாவி மழை, அன்றைக்குத்தானா வர வேண்டும்?

"மழை!" என்று கத்தினான் செம்மலை. "குழிக்கு ஓடுங்க! ஒரு சொட்டு உள்ள போனாலும் மானம் போயிரும்!"

தலைவர் பொங்கியண்ணனுக்கு லேசான சந்தேகம். "ஏன்டா செம்மலை, மழைத்தண்ணி எறங்கத்தானே குழி வெட்டினோம்?"

அந்த ஊரில் எதற்கும் நியாயம் சொல்கிறவர் ராக்கியப்பன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்தார். "தலைவரே, புதுவீடு கட்டிப் பால் காய்ச்சறதுக்கு முன்னால ஆராச்சும் குடி போவாங்களா?"

"போவ மாட்டாங்க."

"அப்பறம் தெறந்து வெக்காத குழிக்குள்ள மழை எப்படிங்க குடி போறது? நாளான்னிக்கு அந்தம்மா கத்திரிக்கோலோட வந்து நிக்கறப்ப, இவுங்களே தெறந்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?"

தலைவருக்கு வியர்த்தது. "சீக்கிரம் மூடுங்கடா" என்றார்.

நெல் மூடும் தார்ப்பாய் நாலு வந்தது. குழிக்கு மேலே அதை விரித்து, ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சுற்றிலும் கரை போட்டு ஓடி வந்த வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். பெண்கள் குடை பிடித்தார்கள், ஆட்களுக்கல்ல, தார்ப்பாய்க்கு. மூணு மணி நேரம் கொட்டித் தீர்த்தது மழை. சும்மாம்பாளையத்து வெள்ளமெல்லாம் மேற்கே திரும்பி, மூணு மைல் தள்ளியிருக்கும் கீழ்காட்டூர் ஏரியில் போய் நிறைந்தது. நம்ம ஆட்கள் நனைந்த கோழியாகி நடுங்கினார்கள். ஆனால் குழிக்குள்ளே மணல் பொரிகடலை வறுக்கலாம் என்கிற அளவுக்குக் காய்ந்து கிடந்தது. செம்மலை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டான். அதுகூட உள்ளே விழாமல் துண்டால் துடைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா வந்தார். வரும் வழியெல்லாம் சேறு. குழி மட்டும் காய்ந்திருந்தது.

"என்னங்க இது? புதன்கிழமை அப்படி ஒரு மழை பெய்ஞ்சுதே!"

"ஒரு சொட்டு உடலைங்கம்மா!" என்றான் செம்மலை, நெஞ்சை நிமிர்த்தி. "ஊரே காவல் இருந்தோம்!"

அந்தம்மா ஜீப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரிப்பனை வெட்டினார். "இங்க பாருங்க. இந்தக் குழிக்குள்ள தண்ணி போனாத்தான் கிணத்துக்குத் தண்ணி வரும். எப்படியாவது உள்ள போகணும். அவ்வளவுதான்." ஜீப் போயே போய்விட்டது.

"எப்படியாவதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் தலைவர். "தண்ணிக்கு எங்க போறது?"

ஊரில் தண்ணி இருந்த ஒரே இடம் கிணறுதான். புதன்கிழமை மழையில் நேராக விழுந்தது இடுப்பளவு கிடந்தது. விடுவார்களா? சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை இறைத்து இறைத்து, நூறடி சுமந்துபோய்க் குழியில் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற மணல் குடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு குடத்துக்கும் செம்மலை, "போ சாமி, கெணத்துக்குப் போய்ச் சேரு" என்று கும்பிட்டு அனுப்பினான்.

மறுநாள் கிணற்றை எட்டிப் பார்த்தால் முழங்கால் அளவுகூட இல்லை.

"களவு போயிருச்சு" என்றார் தலைவர்.

"அவசரப்படாதீங்க" என்றார் ராக்கியப்பன். "நூறடி நடக்கோணும். நாம வெளிச்சத்துல நடக்கறம், அது பூமிக்குள்ள கும்மிருட்டுல தடவித் தடவி வரோணும். வழி தெரியாம எங்கியாவது நிக்குதாட்ட இருக்குது."

நியாயம்தானே? அன்றைக்கே ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கிணற்றுக்குள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள், தண்ணிக்கு அடையாளம் தெரிவதற்கு. செம்மலை குழிப் பக்கம் குனிந்து, "விளக்கு எரியற பக்கம் வா, சோத்தாங்கைப் பக்கம் திரும்பீராதே" என்று நாலைந்து தரம் வழியும் சொன்னான். நாலு நாள் ஆச்சு. சீமெண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம்.

ஆவணி முதல் தேதி விடிந்தது. மயிலாத்தா வர இன்னும் மூணு மணி நேரம். செம்மலைக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பதினோரு இடம் போனபோதெல்லாம் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பெண் போய்விட்டால் வாழ்க்கையே போய்விட்ட மாதிரி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கி, முழங்காலுக்கும் கீழே கிடந்த தண்ணியில் நின்று, "ஒரு கொடம் முங்கற அளவுக்கு ஏறக்கூடாதா, நாயமா?" என்று தண்ணியிடமே கேட்டான். அப்படியே சப்பென்று உட்கார்ந்தான். அவன் ஆள் நூற்றுப்பத்து கிலோ. கிணறோ ஆழம் அதிகமே தவிர அகலம் இல்லாத கிணறு.

மேலேயிருந்து ராக்கியப்பன் அலறினார். "ஏறுது! ஏறுது! சொவத்துல அந்தக் கருப்புக் கல்லு முங்கிருச்சு!"

செம்மலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்க்க வேண்டுமென்று அவசர அவசரமாக மேலே ஏறி வந்தான். எட்டிப் பார்த்தால் கருப்புக் கல் வெளியே தெரிந்தது. திரும்ப இறங்கி உட்கார்ந்தான். கல் முங்கியது.

ராக்கியப்பன் நெடுநேரம் தாடையைத் தடவினார். "புரிஞ்சு போச்சுங்க. மூணு வருஷமா தண்ணி உடற ஆளு இவன். மேலாளு உள்ள வந்தா மரியாதைக்கு எந்திரிச்சு நிக்குது தண்ணி!"

"ஒரு ஆளுக்கே இத்தனை மரியாதைன்னா," என்றார் தலைவர், "பஞ்சாயத்துத் தலைவர் எறங்கினா?"

தலைவர் இறங்கினார். இன்னும் ஒரு சாண் ஏறியது. அப்புறம் கேட்கணுமா? கனத்த ஆட்களாகப் பார்த்து ஏழு பேரைப் பொறுக்கினார்கள். "குடிக்கற தண்ணிங்க. எல்லாரும் குளிச்சுட்டுத்தான் எறங்கோணும்" என்றார் ராக்கியப்பன். சுத்தம் முக்கியம் இல்லையா? குளிக்க அந்தக் கிணற்றிலேயே இறைத்தார்கள். அதில் நாலு விரற்கடை குறைந்தது. அதை ஈடுகட்ட எட்டாவதாக ஒரு ஆளை இறக்கினார்கள்.

பத்து மணிக்கு நஞ்சப்பன் மகளோடு வந்தார். மயிலாத்தா இடுப்பில் பித்தளைக் குடம். கிணற்றை எட்டிப் பார்த்தாள். உள்ளே, உட்கார்ந்திருந்தவர்களின் தோள் வரைக்கும் தண்ணி. தண்ணிக்கு மேலே பத்துத் தலைகள்.

"வாங்கம்மிணி, வாங்க" என்று பத்துத் தலையும் வரவேற்றன.

அவள் குடத்தை இறக்கினாள். உள்ளே இருந்தவர்களில் ராசுவும் பழனியும் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்ள, குடம் நடுவில் குளுக்கென்று முங்கியது. மேலே நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

"தண்ணி இருக்குது, சரி" என்றார் நஞ்சப்பன். "மாப்பிள்ளை எங்கீங்க?"

"இங்கதானுங்க மாமா!" என்று கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. செம்மலை சரசரவென்று ஏறிவந்து, சொட்டச் சொட்ட நின்று கும்பிட்டான். மயிலாத்தா சந்தேகத்துக்கு இன்னொரு தரம் குடத்தை இறக்கினாள். மற்றவர்களும் மரியாதைக்கு எழுந்து நின்றுவிட்டார்களா, குடம் அடியில் போய் டங்கென்று இடித்துச் சாய்ந்து கிடந்தது.

"அட உக்காருங்கய்யா!" என்று கத்திக்கொண்டே செம்மலை உள்ளே குதித்தான். குடம் முங்கியது.

"மாப்பிள்ளையக் காணமே?" என்றார் நஞ்சப்பன்.

ஏறி வந்தான். குடம் சாய்ந்தது. இறங்கினான். குடம் முங்கியது. மூணு தரம் இப்படியே நடந்ததும் ராக்கியப்பன் குறுக்கே வந்து கை கூப்பினார்.

"ஒளிச்சுப் பேச வேண்டாமுங்க. தண்ணி வேணும்னா மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை வேணும்னா தண்ணி இல்லை. ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க."

மயிலாத்தா கிணற்றுக்குள் பார்த்தாள். செம்மலையின் பல் தந்தியடித்தது. விரலெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது.

"எந்நேரமா உள்ள உக்காந்திருக்கீங்க?"

"விடிஞ்சதுல இருந்துங்க."

"எதுக்குங்க?"

"நீங்க போயிருவீங்கன்னுதானுங்க" என்றான் செம்மலை.

அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம் முட்டியது, மறுபக்கம் கண் கலங்கியது. குடத்திலிருந்து ஒரு வாய் அள்ளிக் குடித்தாள். சும்மாம்பாளையத்துத் தண்ணி ஒரு வாய் உள்ளே போனால் போதும், புத்தி ஊரோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். "கொடம் முங்கினா கட்டிக்கறேன்னேன், முங்குச்சு" என்றாள். "ஏறி வாங்க."

"அம்மிணி, இவுரு ஏறிட்டா அந்த எடத்துக்கு ஆரு?" என்று கேட்டார் நஞ்சப்பன். பொறுப்பான தகப்பன்.

அதற்குத்தான் சீர்வரிசை இருக்கிறதே! கல்யாணத்தன்று வெற்றிலை பாக்குத் தட்டு, தேங்காய்த் தட்டு, சேலைத் தட்டு எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் நஞ்சப்பன் பங்காளிகளில் கனத்தவர்கள் இரண்டு பேர், சந்தனம் பூசி மாலை போட்டு, மேளத்தோடு வந்தார்கள். சுற்றி நின்றவர்கள் தூக்கிப் பார்த்து, "நல்ல செழிப்பான சீருங்க" என்று மெச்சினார்கள். ஆரத்தி எடுத்து இரண்டு பேரையும் கிணற்றில் இறக்கியதும் தண்ணி மூணு சாண் ஏறியது. தலைவர் அதிகாரியம்மாவுக்குப் போன் போட்டு, பூமிக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லியும்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு சிக்கல். கழுத்தளவு தண்ணியில் உட்கார்ந்திருந்த சீர்ப் பங்காளிகளுக்குத் தாகம் எடுத்தது. ஒருவர் குனிந்து வாயை வைக்கப் போனார்.

"ஐயோ, அதைக் குடிச்சுப்போடாதீங்க!" என்று மேலேயிருந்து பதறினான் செம்மலை. "குடிச்சா மட்டம் கொறைஞ்சுரும்! சித்தெ பொறுங்க!"

அன்றிலிருந்து செம்மலையும் மயிலாத்தாவும் தினமும் காலையில் எழுந்து, ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கொண்டு, கீழ்காட்டூர் ஏரிக்கு மூணு மைல் நடந்துபோய், கிணற்றில் இருப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணி சுமந்து வருகிறார்கள்.