தூக்கம் வராத ராஜாவின் நாலு பதிவு

கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு ஒரே பொருள் இரண்டாக இருந்தால் ஆகாது. ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் காலமெல்லாம் இரட்டைப் பதிவுகளைத் தேடித் தேடி அழித்தவர். ஓய்வு பெற்று, பொதிகை அடிவாரத்து ஆசிரமத்தோடு வந்து தங்கிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

குரு அவரைவிட வயதில் வெகு இளையவர். முக்கூடல் சாமி என்று பெயர். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார், சீடர் குருவை ‘சாமி’ என்பார். இரண்டு பேருக்குமே அதில் கூச்சம் கிடையாது.

ஆசிரமத்துக்கு ஒரு காலத்தில் நல்ல கூட்டம். குற்றாலம், தேனி, ஒசூர், சிங்கப்பூர் என்று கிளைகள் இருந்தன. சாமி பேசியதை அந்தந்த ஊர்க்காரர்கள் பதிவு செய்து, தங்களுக்குத் தோதான கிளவுட் கணக்கில் ஏற்றி வைத்தார்கள். ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பிறகு கிளைகள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. கூட்டம் கலைந்த பந்தலில் நாற்காலிகள் கிடப்பதுபோல அந்தக் கணக்குகள் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தன.

எல்லாவற்றையும் ஆசிரமத்தின் ஒரே டேட்டாபேஸுக்குள் நகலெடுத்துக் கொண்டுவரும் வேலையை அண்ணாச்சி தானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாஸ்வேர்டை மறந்தவர்களைப் போனில் கெஞ்சினார். மாற்றி மாற்றிச் சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தார். ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரே ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் போனார். சாமி சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“தூக்கம் வராத ராஜா கதையை நாலு ஊர்லயும் சொல்லியிருக்கீங்க. இதுல எது அசல்?”

“எதுக்குக் கேக்கீங்க?”

“அதை மட்டும் வச்சிக்கிட்டு மத்ததை எடுத்துரலாம். ஒரே சரக்கை எதுக்கு நாலு தடவை சுமக்கணும்?”

“ஒரே சரக்கா? தேனியில ராஜா கடைசியில தூங்கிட்டான். ஒசூர்ல தூங்காமலே விடிஞ்சிருச்சே.”

“அதான் கேக்கேன். எது சரி?”

“ஒசூர்ல எல்லாரும் நைட் ஷிப்ட்டுக்குப் போறவங்க. அவங்ககிட்டப் போய் ராஜா தூங்கிட்டான்னு சொன்னா விடுவாங்களா?”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு சுலபத்தில் வராது.

“எதை வச்சிக்கணும்னு கேட்டா மெஷின் தேனியைத்தான் சொல்லுது சாமி. சத்தம் சுத்தமா இருக்கு, கதையும் முழுசா இருக்கு. குற்றாலம்தான் ரொம்ப மோசம், பாதியிலேயே நின்னு போச்சு. நான் சரின்னு ஒரு தடவை அமுக்குனா மூணும் போயிரும். பழைய கணக்கையும் மூடிருவேன். பெறகு தலைகீழா நின்னாலும் திரும்பக் கெடைக்காது. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாம்னு வந்தேன்.”

“நாலையும் கேட்டீங்களா?”

“கேக்கணுமா? பேரு, தேதி, நீளம் பாத்தாப் போதும். நாங்க அப்படித்தான் செய்வோம்.”

“அந்த மோசமானதைப் போடுங்க.”

போட்டார். தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் வந்தது. அதற்கு அடியில் யாரோ பேசுவதுபோல இருந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ‘பாத்தீங்களா?’ என்பதுபோல அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

அப்போது ஒரு பெண் குரல், காதுக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டதுபோல எழுந்தது.

“ஏங்க! கொடியில துணி கெடக்கு, ஓடுங்க!”

“இந்தா போறேன், கத்தாத!” என்றது ஓர் ஆண் குரல்.

“அண்ணாச்சி, வேட்டி பத்திரம்!” என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. எல்லாரும் ஓய்ந்த பிறகும் அந்தப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். பதிவு நின்றுவிட்டது.

அந்தப் பெண் செண்பகம், அண்ணாச்சியின் மனைவி. வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவரை முதன்முதலில் சாமியிடம் இழுத்து வந்தவளே அவள்தான். அன்று பதிவு செய்த போனை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். துணி எல்லாம் நனைந்தே போயிற்று. சொட்டச் சொட்ட அவர் திரும்பி வந்து நின்றதை அந்தச் சாரல் காலம் முழுக்க அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அவர் அறையில் அவள் படம் இருக்கிறது, குரல் இல்லை. கொஞ்ச நாளாக அந்தக் குரல் எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

யாரும் கேட்காமலே மறுபடி போட்டார். பிறகு இன்னொரு தடவை போட்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சாமி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மூன்றாம் தடவையும் முடிந்ததும் அண்ணாச்சி நிமிர்ந்தார்.

“சாமி, இதுதான் அசல்.”

“நான் பேசுனது அதுல ஒண்ணுமே கேக்கலையே.”

“கேக்காட்டாப் போகட்டும் சாமி. இது இருக்கட்டும். தேனியும் மத்ததும் வேண்டாம், எடுத்துருதேன்.”

பழக்க தோஷம், சொல்லும்போதே விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

சாமி கீரைக் காம்புகளை ஓரமாக ஒதுக்கினார்.

“ஒசூர்ப் பதிவுல ஒருத்தர் கடைசி வரைக்கும் இருமிக்கிட்டே இருப்பாரு. அவரும் இப்ப இல்ல, அவரு வீட்டு நம்பர் என்கிட்ட இருக்கு. அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு அமுக்குங்க அண்ணாச்சி.”