முதலில் கத்திய தவளை

அரண்மனைத் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று அரசன் ஏரி மதகை அடைத்துவிட்டான். வயல்கள் வெடித்தன. ஒருநாள் பொழுது சாயும் நேரம், ஊரே வெண்கலத் தட்டுகளை எடுத்துத் தட்டியது. அன்றிலிருந்து தினமும் தட்டுகிறது.

"ஆரம்பித்தவனை நாளைக்குள் பிடித்து வா. இல்லையென்றால் தூக்கு உனக்குத்தான்" என்று காவல் தலைவன் செங்கணானிடம் சொல்லிவிட்டான் அரசன்.

செங்கணான் தெருத் தெருவாக அலைந்தான். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது. நாங்களும் தட்டினோம்."

கடைசியில் ஏரிக்கரையில் கொற்றியம்மையின் காலில் வந்து விழுந்தான். அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவனுக்கு அவள்தான் குரு.

"அம்மை, யாரோ ஒருவன்தானே ஆரம்பித்திருக்க வேண்டும்? அவன் யார்?"

அப்போதுதான் ஒரு சிறு தூறல் விட்டிருந்தது. தவளைகள் காதைப் பிளந்தன. கொற்றி ஒரு கல்லை எடுத்து ஏரியில் வீசினாள். கப்சிப்.

"இனி முதலில் கத்துகிறதைப் பிடித்து வா" என்று ஒரு பானையை நீட்டினாள்.

ஒன்று கத்தியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து பிடித்தான். நிமிர்வதற்குள் தாழம்புதர் ஓரம் இன்னொன்று. அதையும் பிடித்தான். அதற்குள் மறுபக்கம் இரண்டு; இரண்டைக் கேட்டு இருபது.

"எருமை மாதிரி புரளாதே. தண்ணீர் கலங்குகிறது."

"விளையாடாதீர்கள் அம்மை, என் கழுத்து போகிறது!"

பானை நிறைந்தது. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். உள்ளேயிருந்து ஒரு தவளை கத்தியது. உடனே பானை முழுக்கக் கத்தியது.

செங்கணான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இதுகளுக்குத் தலைவனே கிடையாதா?"

"பக்கத்தில் கத்துவது காதில் விழுகிறது. போதாதா?"

பொழுது சாய்ந்தது. ஊர்ப்பக்கம் தட்டுச் சத்தம் எழுந்தது.

"கணீரென்று கேட்கிறதே, அது உன் வீடுதானே?"

"என் பெண்டாட்டிதான். சொன்னால் கேட்கிறாளா?"

அவன் பானையின் மூடியை இன்னும் அழுத்தினான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"எவனையாவது ஒருவனைப் பிடித்துக் கொடுத்தால் நான் பிழைத்துவிடுவேன்."

"கொடு. நாளைக்குச் சத்தம் நின்றுவிடுமா?"

அவன் எழுந்து பானையை ஏரியில் கவிழ்த்தான்.

"முதலில் தட்டியவன் யார் என்று அரசன் கேட்பானே, அம்மை. என்ன சொல்வது?"

"அவனைத் தெரியாது, அடுத்துத் தட்டப் போகிறவனைத் தெரியும் என்று சொல். சொல்லிவிட்டுத் தட்டு."