இறக்கிய அடுக்கு எண்கள்

மழை விடாத ஒரு மாதத்தில் நடந்தது இது. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் செங்கமலம் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பள்ளித் தாளாளர் துரைக்கண்ணுவுக்கு எதுவும் வரிசையாக நிற்க வேண்டும். அவள் அடித்த கணக்கு வினாத்தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இந்த மூணும் ரெண்டும் ஏன் பொடிசா மேலே தொங்குது? எல்லாம் ஒரே அளவுல, ஒரே வரிசையில இருக்கணும்."

"அது அடுக்கு எண் ஐயா. இறக்கினா கணக்கே மாறிடும்."

"உனக்கு முன்னால இருந்தவளும் இப்படித்தான் வாயாடினா. இப்ப வீட்டுல இருக்கா."

செங்கமலத்தின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. எண்களை இறக்கி அச்செடுத்தாள். கணக்காசிரியர் அருளப்பன் உள்ளே வரும் நேரம் பார்த்துத் தாளாளரிடம் தாளை நீட்டினாள்.

"முதல் கணக்குக்கு மட்டும் விடை சொல்லுங்க ஐயா. விடைக் குறிப்பையும் அடிச்சிடறேன்."

தாளில் 23 + 32 என்று இருந்தது.

"ஐம்பத்தஞ்சு! இதெல்லாம் ஒரு கணக்கா?" என்று தாளாளர் சிரித்தார்.

தாளை எட்டிப் பார்த்த அருளப்பன் பதறிப்போனார். "சார், நான் எழுதிக் கொடுத்தது 2³ + 3². எட்டும் ஒன்பதும் பதினேழு!"

தாளாளரின் முகம் கறுத்தது.

"பழையபடியே மாத்து. நாளையிலேருந்து உனக்கு வேலை கீழே இருக்கிற புத்தகக் கிடங்குலதான்."

அந்தக் கிடங்கில் ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஈரம். செங்கமலம் எண்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிவிட்டு எழுந்தாள்.

"சரிங்க ஐயா, நான் கீழே போறேன். இதுங்க மேலேயே இருக்கட்டும்."