முனி கேட்ட வீடு

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை விறல்கேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சரியான சந்தேகப் பிராணி. மோர் கொடுத்தால் மோரை முகர்ந்து பார்ப்பான். கொடுத்தவன் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பான்.

ஒருநாள் பாய் முடைகிற குருவம்மாள் சபைக்கு வந்து அழுதாள். "மகாராஜா, என் மகனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷமாச்சு. மருமகள் இன்னும் பிறந்த வீட்டிலேயே கிடக்கிறாள். நாங்களே ஒரே அறையில் முறைவைத்துப் படுக்கிறோம். அவளை எங்கே கூட்டிவருவேன்?"

அமைச்சர் நன்னியார் எழுந்தார். "கோட்டைக்குள் இனி ஒரு குடிசைக்கும் இடமில்லை, அரசே. கிழக்கு வாசலுக்கு வெளியே தரிசு சும்மா கிடக்கிறது. முள்ளை வெட்டி, கிணறு தோண்டி, தெரு பிரித்துக் கொடுத்தால் ஜனங்கள் மூச்சுவிடுவார்கள்."

ராஜா கண்ணை இடுக்கினான். "அந்தப் பக்கம் உமக்கு நிலம் கிலம் இருக்கிறதோ?"

"ஒரு சாண்கூட இல்லை."

உடனே கோட்டை அதிகாரி தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, அங்கே முனி இருக்கிறது! வீடு கட்டுகிறவன் ரத்தம் கக்குவான். அரண்மனைக்கே ஆகாது. இது தெரிந்தும் அமைச்சர் சொல்கிறார் என்றால்..."

பாதியில் நிறுத்திவிட்டார். ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. "நாளை சொல்கிறேன்" என்று எழுந்து போனான்.

நன்னியாருக்கு மனசு உறுத்தியது. பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறார். இப்படியொரு முனியைக் கேள்விப்பட்டதில்லை. கோட்டைக்குள் பாதி வீடுகள் தாண்டவராயருடையவை. ஆடிக்கு ஆடி வாடகை ஏறும். போக்கிடம் இல்லாத ஜனங்கள் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

அன்று சாயங்காலமே தரிசுக்குப் போனார். பனைமரத்தடியில் ஒரு சூலம் நின்றது. அடிமண் இன்னும் ஈரம். குத்தியிருந்த எலுமிச்சம்பழம் வாடக்கூட இல்லை. 'நேற்றுக் குடிவந்த முனி!' என்று எண்ணிக்கொண்டார். சபையில் சொன்னால், சூலத்தை நட்டதே நீர்தானோ என்று ராஜா திருப்பிக் கேட்பான். என்ன செய்வது? யோசித்துக்கொண்டே திரும்பினார்.

மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு நடுங்கிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"தாண்டவராயர் சொன்னது சத்தியம், அரசே! முனியைப் பார்த்தேன்."

தாண்டவராயர் திடுக்கிட்டார். "பா... பார்த்தீரா?"

"பேசவும் பேசினேன். வெயிலிலும் மழையிலும் பனைமரத்தடியில் கிடந்து அலுத்துப்போய்விட்டதாம். கோட்டைக்குள் ஒரு வீடு கொடுத்தால் தரிசை விட்டுவிடுமாம். அதிலும், சபையில் தன் பெயரை முதலில் எடுத்த புண்ணியவானின் மாளிகைதான் வேண்டுமாம். இன்றைக்குள் காலி செய்யாவிட்டால் ரத்தம் கக்க வைத்துவிடுமாம்."

"இவ்வளவுதானா!" என்று ராஜா நிம்மதியாகச் சாய்ந்தான். "தாண்டவராயரே, புறப்படும்!"

"அரசே, பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவேன்? கோட்டைக்குள் ஒரு அறைகூடக் காலி இல்லையே!"

பதிலுக்குக் காத்திருந்த குருவம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சபையும் சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவன் பார்வை தாண்டவராயர் முகத்திலேயே நின்றது. அந்தப் பார்வையைத் தாங்காமல் அவர் தடாலென்று காலில் விழுந்தார்.

"முனியும் இல்லை, ஒன்றும் இல்லை, மகாராஜா! சூலத்தை நட்டது என் ஆள். வெளியே வீடு வந்துவிட்டால் என் வீடுகளை யார் சீந்துவார்கள்?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நன்னியாருக்குப் போட்டான். "தாண்டவராயரே, தரிசில் வீடுகள் எழும்பும்வரை குருவம்மாள் குடும்பம் உம் மாளிகையின் முன்கட்டில் இருக்கும். அரிவாளை எடுத்துக்கொண்டு போய் முதல் முள்ளை நீரே வெட்டும்!"

அந்த வருஷத்து மழைக்கு முன்பே முதல் தெருவுக்குக் கூரை ஏறியது. குடிபோனவர்கள் காலை நீட்டிப் படுத்துச் சுகமாக இருந்தார்கள். நாமும் அப்படியே இருப்போம்.