பலவேசம் கேட்ட மஞ்சக்கள்ளி

ஒரு ஊர்ல, செம்மணலா குவிஞ்சு கிடக்குத தேரிக்காட்டு ஓரத்துல, உச்சினின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்ல, புள்ள இல்ல. ஒரு துண்டு நிலம், நாலு ஆடு, நிலத்து நடுவுல இனிப்பா தண்ணி சுரக்குத ஒரு ஊத்து, அம்புட்டுதான் அவ சொத்து. சுத்திலும் சப்பாத்திக்கள்ளிதான் வேலி. ஏலே, கொட்டாவி விடாத, இனிமேதான் கதையே.

அவ அம்மா என்னைக்கோ ஒரே ஒரு கள்ளியை நட்டு வச்சா. அது பழுத்து, பழத்தைக் குருவி தின்னு, விதையை அங்கங்க போட்டு, அது முளைச்சு முளைச்சு வேலியாப் போச்சு. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, பாத்துக்கோங்க. ஒருத்தி மடல் முறம் அகலம், ஒருத்தி மடல் உள்ளங்கை அளவு. ஒருத்திக்கு முள்ளு விரல் நீளம், ஒருத்திக்குக் கணுவுக்கு ரெண்டே ரெண்டு முள்ளு, இன்னொருத்தி சுத்த மொட்டை, மொட்டைதானேன்னு தொட்டா கண்ணுக்குத் தெரியாத பொடி முள்ளு, சுணை, கையெல்லாம் ஏறிடும். பக்கத்து நிலத்து வேலியும் இந்தக் கள்ளியோட பிள்ளைகதான். ரெண்டு வேலியும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்துது.

பக்கத்து நிலத்துக்காரன் யாரு, ஊர் நாட்டாமை பலவேசம். அவன் கிணறு உப்பாப் போச்சு, உடனே கண்ணு உச்சினி ஊத்து மேல விழுந்துது. நேரா ராசாகிட்ட போயி, உச்சினி நிலமும் எங்க அப்பன் நிலம்தான், அவ வளைச்சுப் போட்டுக்கிட்டான்னு அழாத குறையாச் சொன்னான். ராசா உச்சினியையும் வரவழைச்சு, சரி, எதை வச்சு எல்லை கண்டுபிடிக்கதுன்னு கேட்டாரு. பலவேசம் முந்திக்கிட்டான்.

"கள்ளியை வச்சுதான் மவராசா. எங்க கள்ளி மஞ்சப் பூ பூக்கும், அவ கள்ளி செவப்புப் பூ பூக்கும்."

எல்லாம் ஒரு தாய் பிள்ளைக மவராசான்னு உச்சினி கும்பிட்டுச் சொன்னா. ஒரு தாய் பிள்ளைக இப்படியா ஆளுக்கொரு தினுசா இருக்கும்னு ராசா சிரிச்சாரு. அவரு வீட்லயே அஞ்சு பிள்ளைக, அஞ்சும் அஞ்சு விதம், அது அவருக்குத் தோணல பாருங்க. மஞ்சப் பூ நிக்கிற நிலமெல்லாம் பலவேசத்துக்கு, செவப்புப் பூ நிக்கிற நிலமெல்லாம் உச்சினிக்கு, இது என் தீர்ப்பு, மாறாதுன்னுட்டாரு.

மறுநாள் காலையில, பூ விரியுத நேரமாப் பாத்து பலவேசம் அரண்மனை மணியக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்தான். இந்த வேலி, அந்த வேலி, முள்ளுக்காரி, மொட்டைக்காரி, எல்லாத்துலயும் மஞ்சளோ மஞ்சள். மணியக்காரர் பாத்தாரு, நாளைக்குப் பொழுது சாயுததுக்குள்ள ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிரு தாயின்னுட்டுப் போயிட்டாரு.

உச்சினி ஊத்தாங்கரையில உக்காந்து அழுதா. அழுது அழுது, அந்த வெயில்ல, மணல் சூட்டுல, அப்படியே கண்ணு சொக்கிப் போச்சு. சொக்கினா, வேலியிலருந்து மூணு பொம்பளைக இறங்கி வாராங்க. ஒருத்தி ஒல்லி, ஒருத்தி குண்டு, ஒருத்தி தலை மொட்டை. மூணு பேருக்கும் மஞ்சச் சேலை. மணல்ல கால் படுது, தடம் விழல. நீங்க யாருன்னு உச்சினி கேட்டா. காலையில வந்தவங்கதான்னு சொல்லி ஊத்தைச் சுத்தி நடந்தாங்க. ஒரு சுத்து வந்தா சேலை பழுத்த மாம்பழ நிறம். நீங்க யாருன்னா. காலையில வந்தவங்கதான். இன்னொரு சுத்து வந்தா சேலை செக்கச்செவேல்னு இருக்கு. நீங்க யாருன்னா. காலையில வந்தவங்கதான் உச்சினி, பொழுது எங்க மேல நடந்து போச்சுன்னு சொல்லிட்டு, மூணு பேரும் வேலிக்குள்ள போயிட்டாங்க.

முழிச்சுப் பாத்தா சாயங்காலம். காலையில மஞ்சளா இருந்த பூவெல்லாம் செவந்து நிக்குது. அவளுக்கு இது தெரியாததா? தெரியும். தினமும் பாக்குதவதான். ஆனா அழுகையில தெரிஞ்சதெல்லாம் மறந்து போகும்லா. எழுந்து ஒரே ஓட்டமா அரண்மனைக்குப் போயி, நாளைக்குப் பொழுது சாயுத நேரம் மவராசாவே ஒருக்க வந்து பாக்கணும், அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னா.

ராசா வந்தாரு. அந்தி வெயில், செம்மணல், அதுல ரெண்டு வேலியும் ஒண்ணு பாக்கியில்லாம செவப்பு. பலவேசம் வீட்டு வாசல் வரைக்கும் செவப்பு. அப்போ அத்தனையும் உச்சினி நிலம்னு ராசா சொன்னதும், பலவேசம் தடால்னு அவரு கால்ல விழுந்தான்.

"மவராசா, இது அதே பூதான். காலையில மஞ்சளா விரிஞ்சு சாயங்காலம் செவந்திரும். எல்லாக் கள்ளியும் அப்படித்தான், சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"உனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நேத்து மணியக்காரரைக் காலையில கூட்டியாந்தியா?"

தீர்ப்பு தீர்ப்புதான், நிலம் பூரா உன்னுது, இவனை என்ன செய்யலாம் சொல்லுன்னு ராசா உச்சினிகிட்ட கேட்டாரு. அவளுக்குக் கோவம் இல்லாமலா இருக்கும்? ஆனாலும் நிதானமாத்தான் சொன்னா.

"அவரு நிலம் எனக்கு வேண்டாம் மவராசா, அவருக்கே குடுத்துட்டேன். பூ நிறம் மாறினா அழகு. ஊருக்கு நியாயம் சொல்லுத வாய் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சொல்லலாமா? நாட்டாமைப் பட்டத்தை மட்டும் வாங்கிருங்க."

ராசா அங்கனயே, ஊர் பாக்க, அவன் தலைப்பாகையை அவுத்து வாங்கினாரு. அதுக்கப்புறம் பலவேசம் குடத்தைத் தூக்கிக்கிட்டு உச்சினி வாசல்ல வந்து நின்னு, தண்ணி எடுத்துக்கிடட்டுமாம்மான்னு தினமும் கேட்டான். அவ ஒரு நாளும் இல்லேன்னு சொல்லல. கேக்காம எடுக்கவும் விடல.

எனக்குத் தெரிஞ்ச கதை இம்புட்டுதான். மிச்சத்தைக் கண்ணை மூடிக்கிட்டு நீங்களே பாத்துக்கோங்க.